பின்னால் நிற்கிறவள் ‘போ’ என்று சொல்லமாட்டாள்

இது உண்மையில் நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு என் காதுக்கு வந்த கதை என்றால் எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன். யாருக்கு நடந்ததோ அவனே என் கேரவன் வாசலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சொன்னது. “பேரை மாத்திடட்டுமா?” என்று கேட்டேன். “வேண்டாம். என் பேரையே போடு. எனக்கு நல்லா வேணும்” என்றான் டேரில். அதனால் யார் பெயரையும் மாற்றவில்லை.

நடுராத்திரி, சுடுகாடு, ஒற்றைப் பனைமரம் எதுவும் இதில் கிடையாது. நடந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. நல்ல வெயில். சுற்றிலும் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துப் பார்த்தால் அதுதான் எனக்கு இன்னும் உதறலாக இருக்கிறது.

நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கும் ஒரு கேரவன், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற சக்கர வீடு, உண்டு. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். ஆனால் நாலு பேர் பார்க்க, காருக்குப் பின்னால் கட்டிய கேரவனை ரிவர்ஸில் விட வேண்டும் என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் கேரவனின் வால் வலது பக்கம் போகும். வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போகும். புத்தி ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். இதற்குள், கேரவன்களை நிறுத்தித் தங்குகிற அந்தப் பார்க்கில் இருப்பவர்கள் எல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நம்மையே பார்ப்பார்கள். சாயங்காலத்தில் அவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. சிரிக்கக்கூட மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள். மானம் போவதற்கு அது போதும்.

டேரிலுக்குப் பெண்டிகோ என்ற ஊரில் ஓடு பதிக்கிற வேலை. குளியலறைச் சுவரில் ஒரு ஓடு நூலிழை பிசகினாலும் பெயர்த்தெடுத்து மறுபடி பதிக்கிற ஆள். மனைவி கெரின், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. மகள் ஹேட்டிக்கு ஏழு வயது. நாட்டை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவது என்று ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு, கேரவனைக் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பியிருந்தார்கள்.

கிளம்பின அன்றைக்கே டேரில் மனைவிக்குப் பாடம் எடுத்தான். காரில் ஒரு ரேடியோ, அதற்குச் சுருள் ஒயரோடு ஒரு மைக். கெரின் கையில் ஒரு வாக்கி டாக்கி. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அவள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, இவன் பின்னால் வர வேண்டும். கேரவன்காரர்களுக்கெல்லாம் ஒரே சேனல் என்பதால், ஒருவர் பேசுவது அக்கம்பக்கத்தில் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். ரகசியம் பேச லாயக்கில்லாத சாமான் அது.

“பின்னால நிக்கிறவங்க ‘வா வா’ன்னுதான் சொல்லணும்” என்றான் டேரில். “‘போ’ன்னு சொல்லவே கூடாது. நிறுத்தணும்னா ‘நிறுத்து’ன்னு சொல்லு. ‘போதும்’னு சொல்லாதே.”

“போதும்னு சொன்னா என்ன?”

“விரலைச் சீக்கிரம் எடுத்துட்டா பாதி வார்த்தை வெட்டிடும். எனக்கு ‘போ’ன்னுதான் கேக்கும்.”

“சரி வாத்தியாரே.”

“ஹேட்டி, உனக்கும்தான். வண்டி நிக்கிற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது.”

இந்த விதிகளைப் போட்டவன் டேரில்தான். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிடூனா என்ற ஊரில் முதல் தடவை மானம் போனது. கெரின் ‘லெஃப்ட்’ என்றாள். கேரவனின் வாலை அவள் சொன்னாள், இவன் ஸ்டியரிங்கை லெஃப்டில் ஒடித்தான். பக்கத்துக் கூடாரத்தின் கயிறு அறுந்தது. டேரில் காரை விட்டு இறங்கி, முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் பார்க்க, ஹேட்டியும் பார்க்க, கத்தினான். என்ன கத்தினான் என்று என்னிடம் சொல்லவில்லை. கெரின் அறுந்த கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

அதற்கப்புறம் நல்லர்பார் பாலைவெளி. மரம் கிடையாது, வளைவு கிடையாது. அந்தச் சாலையில் இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், ஹேட்டி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“பெர்த்ல ஏர்போர்ட் இருக்கு, டேரில்.”

“தெரியும். அதுக்கென்ன?”

“இன்னொரு தடவை நாலு பேர் முன்னாடி என்னை அப்படிப் பேசுனா, நானும் ஹேட்டியும் அங்கேயே ஃப்ளைட் ஏறிடுவோம். கோவத்துல சொல்லலை. யோசிச்சுத்தான் சொல்றேன்.”

இனிமேல் அப்படிப் பேசமாட்டேன் என்று டேரில் சத்தியம் செய்தான். அந்த நேரத்தில் மனதாரத்தான் செய்தேன் என்கிறான், நான் நம்புகிறேன்.

பெர்த் நகரத்துக்குள் நுழைந்தபோது மூவருக்கும் அலுப்பு. ஃப்ரிட்ஜ் வழியிலேயே உயிரை விட்டிருந்தது. டப்பா பீன்ஸும் காய்ந்த ரொட்டியும் சாப்பிட்டு நாக்கு செத்துப்போயிருந்தது. ஹேட்டிக்குப் பல்வலி வேறு. நகரத்தில் சில நாள் தங்கி எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வடக்கே போவதாகத் திட்டம். ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிற மாதிரி இடம் கிடைக்குமா என்று கெரின் எட்டு இடத்தில் போன் போட்டுக் கேட்டிருந்தாள். ரிவர்ஸ் எடுக்கிற அவமானத்தை அவனுக்கு மிச்சப்படுத்தத்தான் கேட்டாள். வார இறுதியோடு சேர்ந்த நீண்ட விடுமுறை, எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு பழைய கேரவன் பார்க்கில் மூலையில் ஓர் இடம் கிடைத்தது.

ஆபீஸில் இருந்த பெண் வரைபடத்தில் அந்த மூலையைப் பேனாவால் வட்டமிட்டாள். வட்டமிட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

“இது ஒண்ணுதான் காலியா இருக்கு. சாதாரணமா இதை நாங்க குடுக்கறதில்ல. பின்னாடி சுவர், கொஞ்சம் இடைஞ்சல். பார்த்து வாங்க.”

பார்க்கில் கூட்டம் நிறைந்திருந்தது. எங்கே பார்த்தாலும் நாற்காலி, பீர் டப்பா, அடுப்பில் சாசேஜ் வேகிற வாசனை. அந்த ஊரில் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து ஒரு காற்று அடிக்கும். வெயிலுக்கு மருந்து மாதிரி வருவதால் ‘டாக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு டாக்டர் பலமாக வந்திருந்தார். கூடாரத் துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

இடத்தைப் பார்த்ததுமே டேரில் காரை நிறுத்தினான். இரண்டு பக்கமும் உயரமான புதர்வேலி. நடுவில் ஒரு சிமெண்ட் திட்டு. அதன் கடைசியில் பொதுக் குளியலறைக் கட்டடத்தின் செங்கல் சுவர், சுவரை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய். கெரின் வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள். பக்கத்து இடங்களில் ஒன்றொன்றாக நாற்காலிகள் திரும்பின.

முதல் தடவை கோணிக்கொண்டு போனது. முன்னால் எடுத்தான். இரண்டாம் தடவை இன்னும் கோணல். சாயும் சூரியன் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் நேராக விழுந்து கண்ணைக் கூச வைத்தது. கெரின் எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை.

“லெஃப்ட்ல வா, டேரில்.” காற்றின் இரைச்சலோடு அவள் குரல் வந்தது. “லெஃப்ட்... வாலை லெஃப்ட்ல கொண்டு வா...”

ஒடித்தான். சர்ர்ரென்று கேரவனின் பக்கவாட்டில் புதர் உரசியது. யாரோ ஒருவர் ‘ஊப்ஸ்’ என்றார். இன்னொருவர் சிரித்தார்.

டேரிலுக்குக் காதெல்லாம் சுட்டது. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினான்.

“கொஞ்சமாவது மூளை இருக்கா உனக்கு? ஒரு மாட்டைக் கொண்டுவந்து பின்னால கட்டியிருந்தாக்கூட இதைவிட ஒழுங்கா வழி காட்டியிருக்கும்.”

சொன்னதும் ஒன்று நடந்தது. அக்கம்பக்கத்தில் திறந்து வைத்திருந்த ரேடியோக்களிலிருந்தெல்லாம் அவன் குரலே திரும்பி வந்தது. ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலிருந்தும் மாடு, மாடு என்று கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மறுபடி பட்டனை அழுத்தினான். “கெரின்” என்றான். பதில் இல்லை.

சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. ஏர்போர்ட்டும் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பயத்தில் மனம் இளகியிருக்க வேண்டியது. டேரிலுக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது.

“ஹேட்டி. இறங்கிப் போய் அம்மாகிட்ட நில்லு. அவளுக்குத்தான் கண்ணு தெரியலை, நீயாவது பார்த்துச் சொல்லு.”

“நான் இறங்கக் கூடாதேப்பா.”

“சொன்னதைச் செய்.”

ஹேட்டி பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சின்னச் செருப்புச் சத்தம், சரளைக்கல்லில், பின்பக்கமாகப் போனது.

டேரில் காரை முன்னால் எடுத்து நேராக்கினான். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக்.

அப்போது ரேடியோ பேசியது.

“வா கண்ணு... மெல்ல வா.”

கெரினின் குரல். அழுது ஓய்ந்த பிறகு வருமே, அந்த மாதிரி மென்மை. கல்யாணமான புதிதில்கூட அவள் அவனைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடுகிற ரகம் இல்லை அவள். சரி, சண்டை வேண்டாம் என்று இறங்கி வருகிறாள் போல என்று டேரில் நினைத்துக்கொண்டான். அவனுக்குள் ஏதோ தளர்ந்தது. ஆனால் வாய் மட்டும் தளரவில்லை.

“இதை முன்னாடியே சொல்ல வாய் வலிச்சுதா?” என்றான்.

“ரைட்ல ஒடி கண்ணு... கொஞ்சம்... ஆங், அவ்வளவுதான். அப்படியே வா.”

கேரவன் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இரண்டு புதர்களுக்கு நடுவில் போனது. வாழ்க்கையில் அவன் அப்படி ரிவர்ஸ் எடுத்ததே இல்லை.

“வா... வா... நிறைய இடம் இருக்கு.”

“தெரியும். எனக்கும் கண்ணு இருக்கு. நீ அளவு மட்டும் சொல்லு, கதை சொல்லாதே.”

“சரி கண்ணு.”

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வெளியே கூடாரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ரேடியோவில் காற்றுச் சத்தமே இல்லை.

சற்றுமுன் கெரின் பேசியபோது ஒரே இரைச்சல். இப்போது இந்தக் குரல், மூடிய அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல... சுத்தமாக இருந்தது.

இன்னொன்று. கெரின் பேசி முடித்துப் பட்டனை விடும்போதெல்லாம் ரேடியோவில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் வரும். இந்தக் குரலுக்கு அது வரவில்லை. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

“வா கண்ணு...”

பக்கவாட்டில் பார்த்தான். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். எல்லோரும்.

கை தட்டப்போகிறார்கள் என்று நினைத்தான். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன் என்றான் என்னிடம். சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

கிழவர் ஒருவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார்.

காரின் மூக்கு மட்டும் இன்னும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்தான்.

பிரேக்கை மிதித்து நின்றான்.

“ஹேட்டி எங்க?” என்றான். “உன் பக்கத்துல இருக்காளா?”

பதில் இல்லை.

பிறகு...

“போ.”

பின்னால் நிற்கிறவர்கள் ‘வா’ என்றுதான் சொல்லுவார்கள். பின்னால் நின்றுகொண்டு யாரும் ‘போ’ என்று சொல்லமாட்டார்கள். விதியைப் போட்டவனே அவன்தான்.

தெரியும். அவனுக்குத் தெரியும்.

இத்தனை பேர் பார்க்கிறார்கள்.

“போ.”

கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்கு நகர்ந்தது.

“போ.”

எதிரே, காருக்கு முன்னால், கண்ணாடிக்கு நேரே... கெரின் ஓடிவந்தாள்.

குளியலறைக் கட்டடத்தின் முன்பக்கத்திலிருந்து. முகமெல்லாம் ஈரம். வாயைத் திறந்து கத்திக்கொண்டு.

முன்னால் கெரின்.

ரேடியோவில் கெரின்.

“போ... கண்ணு.”

பின்னால் ‘க்ரக்’ என்று ஒரு சத்தம்.

டேரில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. கேரவனைச் சுற்றி ஓடினான். பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. குழாய்க் கம்பம் நசுங்கி, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. “ஹேட்டி” என்று கத்தினான். கெரின் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போய் மண்டியிட்டு, இடைவெளிக்குள் கையை விட்டாள்.

“இங்க இருக்கேன்.”

ஹேட்டி புதர்வேலியின் ஓரத்தில், திட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். தலையிலிருந்து கால் வரை தண்ணீர் சொட்டியது. ஒரு கீறல்கூட இல்லை.

கெரின் அவளை வாரிக்கொண்டாள். டேரில் கிட்டே போகத் துணியாமல் நின்றான்.

“நான் அங்கதான் நின்னேன்” என்றாள் ஹேட்டி, சுவரைக் காட்டி. “அம்மா மாதிரி கையைத் தூக்கிட்டு. அங்க ஒரு ஆண்ட்டி இருந்தாங்க. ‘இது என் இடம் பாப்பா, நீ அந்த ஓரமாப் போய் நில்லு’ன்னாங்க.”

“எந்த ஆண்ட்டி?” என்றான் டேரில்.

“அவங்க ‘போதும் போதும்’னு கத்திட்டே இருந்தாங்கப்பா. கையில ரேடியோ வெச்சிருந்தாங்க. உனக்குக் கேக்கலையா?”

“அவங்க இப்ப எங்கம்மா?”

கேரவனுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்தச் சாண் இடைவெளியை ஹேட்டி விரலால் காட்டினாள்.

யாரோ ஓடிப்போய்த் தண்ணீரை மூடினார்கள். அடுப்பில் சாசேஜ் கருகும் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

தலைக்கு மேல் கையை ஆட்டிய கிழவர் மெல்லக் கிட்டே வந்தார். பெயர் நெவில். அந்தப் பார்க்கிலேயே கேரவனில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்.

“தம்பி, யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்த?”

“என் பொண்டாட்டிகிட்ட” என்றான் டேரில். அதற்குள் கெரின் கால்சட்டைப் பையிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்துக் காட்டினாள். விளக்கு எரியவில்லை. அவன் மாடு என்றதுமே அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

“அப்போ வேற யாரோ இதே சேனல்ல...”

“இல்ல தம்பி.” நெவில் தலையை ஆட்டினார். “நீ ‘கெரின்’னு கூப்பிட்டதுல இருந்து பட்டனை விடவே இல்ல. ஆத்திரத்துல அழுத்திப் பிடிச்சுட்ட. நீ மூச்சு விடறதுகூட எங்களுக்குக் கேட்டுச்சு. பிள்ளையை இறங்கச் சொன்னது கேட்டுச்சு. அப்புறம் நீயா பேசற, நீயா நிறுத்தற, மறுபடி பேசற. பதிலே வரலை. உன் பொண்டாட்டி ஓடிவந்து என் ரேடியோவைப் பிடுங்கி நிறுத்து நிறுத்துன்னு கத்துனா. இன்னும் நாலு பேர் கத்துனோம். எதுவும் உனக்கு வராது. பட்டன் அழுத்தியிருக்கிற வரைக்கும் அந்த ரேடியோவுக்குள்ள ஒரு குரலும் வர முடியாது.”

டேரில் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பட்டனின் வரி அதில் ஆழமாகப் பதிந்து வெளுத்துப்போயிருந்தது.

அன்றைக்கு அந்த இடத்தில் தங்கும்படி யாரும் சொல்லவில்லை. நெவில் தன் கேரவனுக்கு முன்னால் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கேரவனை அவரே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். அப்புறம்தான் அந்தச் சங்கதியைச் சொன்னார்.

“சில வருஷம் முன்னாடி. மெர்வின்னு ஒருத்தர், அவர் பொண்டாட்டி நோலா. இதே இடம், இதே மாதிரி நல்ல வெயில். மெர்வினும் உன்ன மாதிரிதான். பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டே வந்தாரு. பார்க்கே கேட்டுச்சு. நோலா கையில ரேடியோ இருந்துச்சு. கத்தியிருப்பாங்க. எங்க போய்ச் சேரும்?”

நெவில் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சுவருக்கும் கேரவனுக்கும் நடுவுல... அதைச் சொல்ல வேண்டாம். விசாரணையில மெர்வின் ஒண்ணே ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. ‘அவ போன்னு சொன்னா, அதான் போனேன்’னு. யாரும் நம்பலை. பின்னால நிக்கிறவ எதுக்குப் போன்னு சொல்லுவா?”

ஹேட்டி தூங்கின பிறகு, கெரின் எதிரில் உட்கார்ந்து, அவனுக்கு என்ன கேட்டது என்று கேட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். காற்றுச் சத்தம் இல்லாதது, கண்ணு என்று கூப்பிட்டது, கடைசியில் ‘போ’ என்றது, எல்லாவற்றையும். கெரின் பயப்படுவாள் என்று நினைத்தான். அவள் பயப்படவில்லை.

“அவ்ளோ அன்பா ஒரு குரல் பேசுது. அது நான்தான்னு நினைச்ச, இல்லையா?”

“ஆமாம்.”

“அப்பவும் என்னை அப்படித்தான் பேசுனியா?”

பேயைவிட அந்தக் கேள்விதான் ராத்திரியில் தன்னை எழுப்பி உட்கார வைக்கிறது என்றான் டேரில் என்னிடம்.

மறுநாள் காலையில் அவர்களை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டான். ஹேட்டி கட்டிக்கொண்டாள். கெரின் கை மட்டும் கொடுத்தாள்.

“பெண்டிகோ வந்து சேரு. அப்புறம் பேசலாம். நேருக்கு நேர். ரேடியோல இல்ல.”

டேரில் உடனே ஊருக்குக் கிளம்பவில்லை. நெவிலிடம் விசாரித்துக்கொண்டு, நகரத்துக்குத் தெற்கே இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனான். மெர்வின் இன்னும் உயிரோடு இருந்தார். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, சவரம் செய்த முகம். முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் பார்க்கின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

டேரில் சுருக்கமாகச் சொன்னான். அந்த இடம், குழாய், மகள், ஆண்ட்டி, ‘போதும்’. பிறகு ரேடியோவில் வந்த ‘போ’. குரல் அவனை எப்படிக் கூப்பிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத கிழவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மெர்வின் டிவியை அணைத்தார்.

“உன் பொண்ணுகிட்ட பேசுனது நோலாதான்” என்றார். “எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் ‘ஓரமா நில்லு பாப்பா’ன்னுதான் சொல்லுவா. அன்னைக்குப் போதும் போதும்னுதான் கத்தியிருக்கா. ஒருத்தர் காதுலயாவது விழுந்துச்சே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பின்னால நிக்கிறவ போன்னு சொல்லமாட்டா தம்பி. அது எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே தெரியும். தெரிஞ்சுதான் மிதிச்சேன். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. விசாரணையில அதை மட்டும் நான் சொல்லலை.”

“நானும் தெரிஞ்சுதான் மிதிச்சேன்” என்றான் டேரில். அதுவரை யாரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை, கெரினிடம்கூட.

கிழவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா அன்னைக்கு என் வண்டிக்குள்ள பேசுச்சே, அது நோலா இல்ல. அவ குரல்ல பேசுச்சு, அவ்வளவுதான். அவளுக்கு முன்னாடியே அது அங்க இருந்திருக்கு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நாப்பது வருஷக் கல்யாணம் தம்பி. நான் அவளை வெச்சிருந்த லட்சணத்துக்கு, ஒரு நாள்கூட அவ என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.”

டேரிலின் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

“உன்னையும் அது... ‘கண்ணு’ன்னுதான் கூப்பிட்டுச்சா?”